உயிரணு ஏற்பிகளும் மருந்துகளும்: அட்ரினலின் ஏற்பிகள் காட்டும் வழி

உயிரணு ஏற்பி என்பது உயிரணுவின் மேற்பரப்பிலோ உட்புறத்திலோ இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட வேதிப்பொருளைப் பற்றி, அதன் வருகையை உயிரணுவுக்கு உணர்த்தும் புரதம் ஆகும். இது ரிசெப்டர் என்றும், சில நூல்களில் வாங்கி என்றும் குறிக்கப்படுகிறது. நரம்புகள் விடுவிக்கும் பொருள்கள், சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் ஆகியவை இத்தகைய ஏற்பிகள் வழியாகவே உறுப்புகளை இயக்குகின்றன. மருந்துகளில் பெரும் பகுதியும் இதே வாயிலைத்தான் பயன்படுத்துகின்றன. தற்போது ஏற்கப்பட்டுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஜி புரத இணைப்பு ஏற்பிகள் என்னும் ஒரே குடும்பத்தின் மீது செயல்படுபவை.

ஏற்பியைக் குறிவைத்து மருந்து தேடுவதில் உள்ள முதன்மையான சிக்கல், ஒரே ஏற்பியோ அதன் நெருங்கிய உறவான இன்னொன்றோ உடலின் பல உறுப்புகளில் இருப்பதுதான். நோயுற்ற உறுப்பில் நன்மை செய்யும் மருந்து, நோயில்லாத உறுப்பில் தீமை செய்யலாம். இதயத்தைக் காக்கும் ஒரு மாத்திரை ஆஸ்துமா நோயாளியின் உயிரைப் பறிக்கக்கூடும். அட்ரினலின் ஏற்பிகளின் வரலாற்றில் இது தெளிவாகத் தெரிவதால், அவற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

ஏற்பி செயல்படும் விதம்

ஏற்பியையும் அதனுடன் இணையும் பொருளையும் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிடுவது வழக்கம். வகுப்பறைக்கு ஏற்ற உவமை இது. ஆனால் ஓரளவுக்கு மேல் உதவாது. பூட்டு அசையாத பொருள். ஏற்பியோ ஓயாமல் நெளிந்து உருமாறிக்கொண்டே இருக்கும் புரதம். தன்னுடன் இணையும் பொருளுக்கு ஏற்ப அது ஒரு வடிவத்தில் நிலைகொள்கிறது. அந்த வடிவ மாற்றமே உயிரணுவுக்குள் செய்தியாகப் போகிறது.

ஏற்பியுடன் இணைந்து அதை இயங்கச் செய்யும் பொருள் தூண்டி எனப்படும். இணைந்தும் இயங்கச் செய்யாமல், உரிய பொருள் வந்து சேராதபடி இடத்தை அடைத்துக்கொள்வது தடுப்பி எனப்படும். அரைகுறையாகத் தூண்டும் பகுதித் தூண்டிகளும் உண்டு. மார்பீன் ஒரு தூண்டி. மூளையில் உள்ள ஓப்பியாய்டு ஏற்பிகளை இயக்கி வலியைத் தணிக்கிறது, அளவு மீறினால் மூச்சையும் நிறுத்துகிறது. நாலாக்சோன் அதே ஏற்பியில் இணையும் தடுப்பி. ஹெராயினை அளவுக்கு மீறி எடுத்து மூச்சு அடங்கிக் கிடப்பவருக்கு நாலாக்சோனைச் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. ஏற்பியில் இருக்கும் போதைப்பொருளை இது அப்புறப்படுத்தித் தான் அமர்ந்துகொள்வதே காரணம்.

கருத்து தோன்றிய விதம்

ஏற்பி என்ற ஒன்று கண்ணால் காணப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே ஊகமாகத் தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உடலியங்கியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி, 1905-இல் வெளியிட்ட ஆய்வில் நிக்கோட்டினையும் குராரே என்னும் தென் அமெரிக்க அம்பு நஞ்சையும் பயன்படுத்தினார். நிக்கோட்டின் பட்ட தசை சுருங்கியது. தசைக்கு வரும் நரம்பைத் துண்டித்து, அது முற்றிலும் அழிந்த பிறகும் நிக்கோட்டினுக்குத் தசை சுருங்கியது. ஆகவே நிக்கோட்டின் செயல்படும் இடம் நரம்பு அன்று. குராரே கொடுத்தால் நிக்கோட்டினின் விளைவு தடைப்பட்டது. ஆனால் மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டியபோது அதே தசை சுருங்கியது. எனவே சுருங்கும் தசைப்பொருளையும் குராரே கெடுக்கவில்லை. நரம்பும் அல்லாத, சுருங்கும் பகுதியும் அல்லாத மூன்றாவது ஒன்று தசையில் இருக்க வேண்டும் என்று லாங்லி முடிவு செய்தார். அதற்கு அவர் ஏற்கும் பொருள் எனப் பெயரிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் பால் ஏர்லிக், நஞ்சுகளும் எதிர்ப்பொருள்களும் பற்றிய ஆய்வின் வழியாக ஏற்பி என்ற சொல்லுக்கே வந்து சேர்ந்தார்.

கருவி என்று சொல்ல அதிகம் இல்லாமல், ஏரணத்தை மட்டுமே கொண்டு எட்டிய முடிவு இது. அக்காலத்தில் பலர் இதை ஐயத்துடனேயே பார்த்தனர்.

தூதுவர் இருவரா, வாயில்கள் இரண்டா?

அச்சத்திலும் பரபரப்பிலும் அண்ணீரகச் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வெளிப்படுகிறது. அது இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, மூச்சுக்குழல்களை விரிக்கிறது, தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தசைகளுக்குச் செல்லும் குழாய்களை விரிக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்கவும் மற்றோரிடத்தில் விரிக்கவும் செய்வது எப்படி?

1930களில் செல்வாக்குப் பெற்றிருந்த விளக்கம் வால்டர் கேனனுடையது. நரம்புத் தூதுப்பொருள் உறுப்பில் தூண்டும் வகை, அடக்கும் வகை என இரண்டாக மாறுகிறது என்பது அவ்விளக்கம். 1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இதைத் தலைகீழாக்கினார். அட்ரினலினையும் அதை ஒத்த சில சேர்மங்களையும் பல உறுப்புகளில் சோதித்து, எது வலியது, எது மெலியது என வரிசைப்படுத்தினார். உறுப்புகள் பலவாக இருந்தும் வரிசைகள் இரண்டே கிடைத்தன. ஒரு வரிசையில் அட்ரினலின் முதலிடத்திலும் ஐசோபிரெனலின் கடைசியிலும் இருந்தன. இரத்தக் குழாய் சுருங்குவது இவ்வகை. மற்றொரு வரிசையில் ஐசோபிரெனலின் முதலிடம் பெற்றது. இதயம் விரைவதும் இரத்தக் குழாய் விரிவதும் இவ்வகை. தூதுவர் இருவர் அல்லர், வாயில்களே இரண்டு என்பது ஆல்குவிஸ்டின் முடிவு. அவற்றுக்கு ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்டார்.

இக்கட்டுரையை முதலில் அனுப்பிய மருந்தியல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. வேறோர் இதழில் வெளிவந்த பின்னரும் பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பின்னர் ஆல்குவிஸ்ட் அக்கருத்தை ஒரு மருந்தியல் பாடநூலின் இயலில் சேர்த்தார். ஆய்விதழில் கவனம் பெறாத கருத்து பாடநூல் வழியாக உரியவரைச் சென்றடைந்தது.

ஜேம்ஸ் பிளாக்கும் புரோபிரனலாலும்

அந்த உரியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். மருத்துவம் பயின்று, 1940களின் இறுதியில் சிங்கப்பூரில் விரிவுரையாளராகப் பணியாற்றி, பின்னர் கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் கற்பித்தவர். இதயத் தசைக்குப் போதிய உயிர்வளி கிடைக்காததால் வரும் நெஞ்சுவலிக்கு அன்றிருந்த மருத்துவம், இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தை எப்படியாவது கூட்டுவது என்ற திசையிலேயே சென்றது. குறுகி இறுகிய குழாய்களை விரிப்பது எளிதன்று. பிளாக் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாம். இதயத்தை விரட்டும் அட்ரினலினை இதயத்தின் வாயிலிலேயே தடுத்தால், அதன் உயிர்வளித் தேவை குறையும். ஆல்குவிஸ்டின் பீட்டா ஏற்பியே அந்த வாயில் என்பதை அவர் உணர்ந்தார்.

1958-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்த பிளாக், வேதியியலாளர்களுடன் தேடலைத் தொடங்கினார். முதலில் கிடைத்த புரோனெதலால் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. ஆனால் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோபிரனலால் 1960களின் நடுவில் மருத்துவத்துக்கு வந்தது. நெஞ்சுவலி, தாறுமாறான இதயத்துடிப்பு, உயர் இரத்த அழுத்தம் எனப் பலவற்றுக்கும் அது பயன்பட்டது. இன்றும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் கைநடுக்கத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

பிளாக் பின்னர் வேறு நிறுவனத்துக்குச் சென்று, இதே முறையில் இரைப்பையின் ஹிஸ்டமின் ஏற்பிக்கு ஒரு தடுப்பியைத் தேடினார். வழக்கமான ஒவ்வாமை மருந்துகள் தும்மலைத் தடுத்தன; இரைப்பையில் அமிலம் சுரப்பதைத் தடுக்கவில்லை. எனவே ஹிஸ்டமினுக்கும் இரண்டாவது வாயில் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெட்டிடின் அந்த வாதத்தின் விளைவு. அதுவரை அறுவை சிகிச்சை தேவைப்பட்ட குடற்புண் நோயாளிகள் பலருக்கு மாத்திரையே போதும் என்றானது. பிளாக்குக்கு 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோருடன் வழங்கப்பட்டது.

இதயமும் மூச்சுக்குழலும்

புரோபிரனலால் புழக்கத்துக்கு வந்த உடனேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது. பீட்டா ஏற்பிகள் இதயத்தில் மட்டும் இல்லை. மூச்சுக்குழல் தசைகளிலும் உள்ளன. அங்கே அவற்றின் வேலை, தசையைத் தளர்த்திக் குழலை விரித்து வைப்பது. நலமான நுரையீரல் உடையவருக்கு இதைத் தடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நேராது. ஆஸ்துமா உடையவருக்கோ மூச்சுக்குழலைத் திறந்து வைத்திருக்கும் கையையே தட்டிவிட்டது போலாகும். மூச்சுத்திணறல் கடுமையாகி உயிருக்கே இடராக முடியும்.

இது மாத்திரைக்கு மட்டும் உரிய ஆபத்து அன்று. கண் அழுத்த நோய்க்கு இடப்படும் டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா தடுப்பியே. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. கண்ணுக்கு மருந்து போட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத்திணறல் வந்து, இறப்புகளும் நேர்ந்துள்ளன. கண் மருத்துவர் ஆஸ்துமா உண்டா என்று கேட்பது தொடர்பில்லாத கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் அது உயிர் காக்கும் கேள்வி. நோயாளியும் கேட்காமலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆஸ்துமா மருத்துவத்தில் எதிர்த் திசையில் இதே சிக்கல் இருந்தது. மூச்சுக்குழலை விரிக்க ஐசோபிரெனலினை உள்ளிழுத்தவர்களுக்கு இதயமும் சேர்ந்து படபடத்தது. 1967-இல் லேண்ட்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பீட்டா ஏற்பியே இரு வகை என்று காட்டினர். இதயத்தில் மிகுதியாக இருப்பது பீட்டா-1; மூச்சுக்குழலில் இருப்பது பீட்டா-2. பீட்டா-2 வகையையே பெரிதும் தூண்டும் சால்பியூட்டமால் 1969-இல் வெளிவந்தது. இன்று ஆஸ்துமா உள்ள வீடுகளில் காணப்படும் நீல நிற இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் இதுவே. பீட்டா-1 வகையைப் பெரிதும் தடுக்கும் அட்டெனலால் 1970களில் இதய மருத்துவத்துக்கு வந்தது.

ஒரு வகையை விட்டு மற்றொரு வகையைப் பற்றும் இப்பண்பு தேர்வுத்திறன் எனப்படும். அது முழுமையானது என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தின் அளவு கூடக்கூடத் தேர்வுத்திறன் மங்கும். மேலும், இதயத்திலும் ஓரளவு பீட்டா-2 ஏற்பிகள் உள்ளன. எலும்புத் தசைகளிலும் உள்ளன. சால்பியூட்டமால் எடுத்தவருக்குக் கைவிரல்கள் நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். மருந்து தவறான இடத்தைத் தேடிப் போய்விடவில்லை. அதே ஏற்பி அங்கும் இருந்திருக்கிறது.

தேர்வுத்திறன் இருந்தாலே மருந்து பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்குப் பிராக்டலால் சான்று. பீட்டா-1 வகையைத் தேர்ந்து தடுத்த அம்மருந்து, சிலருக்குக் கண்ணையும் தோலையும் கடுமையாகப் பாதித்தது. பார்வை இழந்தவர்களும் உண்டு. ஏற்பிக்குத் தொடர்பில்லாத இந்த விளைவால் 1970களின் நடுவில் அது பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

ஏற்பியின் உருவம்

இவ்வளவும் நடந்த பின்னும் ஏற்பியை யாரும் பார்த்ததில்லை. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் கதிரியக்கக் குறியிட்ட பொருள்களைக் கொண்டு ஏற்பிகளை எண்ணவும் பிரித்தெடுக்கவும் வழி கண்டார். 1986-இல் அவருடைய குழு பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைக் கண்டறிந்தபோது, அது விழித்திரையில் ஒளியை உணரும் ரொடாப்சின் புரதத்தை ஒத்திருந்தது. இரண்டும் உயிரணு மென்சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்பவை. ஒளியும் ஹார்மோனும் ஒரே குடும்பத்துப் புரதங்களால் உணரப்படுகின்றன என்பது அப்போதுதான் தெளிவானது. மனித உடலில் இக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 800 மரபணுக்கள் உள்ளன. அவற்றில் பாதியளவு மணம் உணர்வதற்கானவை.

லெஃப்கோவிட்ஸின் மாணவரான பிரையன் கோபில்கா, இருபது ஆண்டு முயற்சிக்குப் பின் 2007-இல் பீட்டா-2 ஏற்பியின் படிக உருவத்தைப் பெற்றார். 2011-இல் ஏற்பியும் ஜி புரதமும் இணைந்து இயங்கும் நிலையே படமாக்கப்பட்டது. மறு ஆண்டு இருவரும் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

உருவம் தெரிந்தபோது பழைய சிக்கலுக்கும் விளக்கம் கிடைத்தது. பீட்டா-1, பீட்டா-2 இரண்டிலும் அட்ரினலின் அமரும் குழியைச் சூழ்ந்துள்ள அமினோ அமிலங்கள் அநேகமாக ஒன்றே. அவ்விடத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு முழுத் தேர்வுத்திறன் கிடைக்காததில் வியப்பில்லை. ஆகவே, அக்குழிக்கு வெளியே வகைக்கு வகை வேறுபடும் பகுதிகளில் இணையும் மருந்துகள் இப்போது தேடப்படுகின்றன.

மருந்துக்கு ஏற்ப மாறும் ஏற்பிகள்

ஏற்பிகளின் எண்ணிக்கை நிலையானது அன்று. ஓயாமல் தூண்டப்படும் உயிரணு தன் ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. நெடுநாள் தடுக்கப்படும் உயிரணு கூடுதல் ஏற்பிகளை வெளியே வைக்கிறது. இதன் மருத்துவ விளைவுகள் பெரியவை.

பீட்டா தடுப்பியைப் பல மாதங்கள் உட்கொண்ட இதய நோயாளி அதைத் திடீரென நிறுத்தினால், எண்ணிக்கை கூடியுள்ள ஏற்பிகள் மீது அட்ரினலின் தடையின்றிப் பாயும். நெஞ்சுவலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், மாரடைப்பும் வரலாம். இம்மருந்தை மருத்துவர் சொல்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான். மாத்திரை தீர்ந்தது, ஊருக்குப் போய்விட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடத்தக்க மருந்து அன்று இது.

ஆஸ்துமாவில் வேறு விதம். மூச்சுத்திணறும்போதெல்லாம் சால்பியூட்டமாலை மட்டும் நாடுபவருக்கு உடனடி நிம்மதி கிடைக்கிறது. மூச்சுக்குழலின் அழற்சியோ அப்படியே தொடர்கிறது. அடிக்கடித் தூண்டப்படும் ஏற்பிகளின் மறுமொழியும் குறைகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுநெறிகளை வெளியிடும் ஜீனா அமைப்பு, விரைவில் செயல்படும் இவ்வகை மருந்தை மட்டுமே கொண்ட சிகிச்சையைப் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என 2019-இல் அறிவித்தது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு உள்ளிழுப்பும் சேர வேண்டும் என்பது அதன் நிலை.

வியப்புக்குரிய திருப்பம் இதயச் செயலிழப்பில் நிகழ்ந்தது. தளர்ந்த இதயத்துக்குப் பீட்டா தடுப்பி கூடவே கூடாது என்று பாடநூல்கள் கற்பித்து வந்தன. ஏற்கெனவே தள்ளாடும் இதயத்தை மேலும் அடக்கலாமா என்ற வாதம் நியாயமாகவே தோன்றியது. 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் சில நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து நலம் கண்டதாக எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. ஆனால் தளர்ந்த இதயத்தை அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டும் இடைவிடாது விரட்டுவதும், அதனால் பீட்டா ஏற்பிகள் பாதியளவுக்குக் குறைந்துவிடுவதும் 1980களில் தெரியவந்தன. 1999-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் பிசோபிரலால், மெட்டோபிரலால் ஆகியவை இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவது என்ற நிபந்தனையுடன், தடை செய்யப்பட்ட மருந்தே அந்நோயின் அடிப்படை மருந்தாயிற்று.

புற்றுநோயில் ஏற்பிகள்

மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆய்வக அறிக்கைகளில் மூன்று ஏற்பிகளின் பெயர்கள் இருக்கும்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், ஹெர்-2. எந்த மருந்து பயன்படும் என்பதை இவையே முடிவு செய்கின்றன. ஹெர்-2 ஏற்பி மிகுந்துள்ள கட்டிகள் வேகமாக வளர்பவை. அதைப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த ஏற்பி மிகுந்திராத கட்டிக்கு வழக்கமாக அது கொடுக்கப்படுவதில்லை. இங்கும் பழைய கதை தொடர்கிறது: இதயத் தசையிலும் ஹெர்-2 இருப்பதால், சிகிச்சைக் காலத்தில் இதயத்தின் செயல்திறனை எக்கோ பரிசோதனையால் கண்காணிக்க வேண்டியுள்ளது.

டமாக்சிஃபென் உயிரணுவுக்குள் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் இணைவது. மார்பகத்தில் அது தடுப்பி. கருப்பையில் அதே மருந்து தூண்டி. ஆகவே மார்பகப் புற்றைக் கட்டுப்படுத்தும் அம்மருந்தால் கருப்பை உட்சுவர்ப் புற்றின் வாய்ப்பு சற்று கூடுகிறது. மருந்தை உட்கொள்ளும் பெண் மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்.

விலங்கின் ஏற்பியும் மனிதரின் ஏற்பியும்

2006 மார்ச்சில் இலண்டனில் நலமான ஆறு இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்னும் புதிய எதிர்ப்பொருள் மருந்து முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. நோயெதிர்ப்புத் திறனுக்குரிய டி உயிரணுக்களில் உள்ள சி.டி.28 ஏற்பியைத் தூண்டுவது அதன் பணி. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500-இல் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிக் கொந்தளித்து உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர்; ஒருவர் விரல்களையும் கால்விரல்களையும் இழந்தார்.

சோதனைக்குப் பயன்பட்ட குரங்கு இனத்தில், இத்தகைய எதிர்வினையைத் தொடங்கிவைக்கும் நினைவு டி உயிரணுக்களில் சி.டி.28 ஏற்பி இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஏற்பியின் அமைப்பு இரு உயிரினங்களிலும் ஒன்றுபோல இருந்தாலும், அது எந்த உயிரணுவில் இருக்கிறது என்பது வேறுபட்டிருந்தது. இந்நிகழ்வுக்குப் பின் ஐரோப்பாவில் மனிதரிடம் முதன்முறை சோதிக்கும் விதிகள் மாற்றப்பட்டன. தொடக்க அளவைக் கணக்கிட, விலங்குக்குத் தீங்கு செய்யாத அளவு மட்டும் போதாது. மனித உயிரணுக்களில் மிகக் குறைந்த விளைவைக் காட்டும் அளவும் பார்க்கப்பட வேண்டும். முதல் மருந்தூட்டலில் அனைவருக்கும் அடுத்தடுத்துச் செலுத்தாமல், ஒருவருக்குக் கொடுத்துப் போதிய நேரம் காத்திருந்த பின்னரே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.